பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா? டிப்போசிட் கட்டுமுன் பேட்டரியைப் பாருங்கள்

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு செகண்ட்ஹேண்ட் கார் கடையில் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) டிப்போசிட் கட்டினேன். ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் காரும் கைக்கு வரவில்லை, கட்டிய பணமும் திரும்பி வரவில்லை.

பெட்ரோல் கார் வாங்கிப் பழகிய கண்ணோடு மின்சாரக் கார் பார்க்கப் போனதுதான் நான் செய்த தவறு. பெயிண்டைத் தடவிப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தேன். பேட்டரியைப் பற்றிக் கேட்டபோது கடை முதலாளி, “பாத்தெரி மாசே பாகுஸ், போஸ்” (பேட்டரி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது) என்றார். அதை நம்பிக் காசு எடுத்துக் கொடுத்துவிட்டேன். காரின் மதிப்பில் பெரும்பங்கு அந்தப் பேட்டரிக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த தடவை ஒவ்வொன்றையும் கேட்டுப் படித்து, வரிசையாகச் செய்தேன். கார் ஐந்து வாரத்தில் கைக்கு வந்தது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பழைய மின்சாரக் கார் தேடுகிறவர்களுக்காக அந்த வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன். பேட்டரிக்கும் சார்ஜுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவை எல்லாருக்கும் ஓரளவு பழக்கமானவை.

1. முதலில் சார்ஜ் போட இடம், பிறகுதான் கார்

கடைக்குப் போகுமுன் இதை முடித்துவிடுங்கள். இதற்கு வழி இல்லையென்றால் மீதிப் படிகளுக்கே போக வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் மின்சாரம் இழுக்கும். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் 190 யூனிட் வரும். வீட்டு மின்சாரம் யூனிட் 45 சென் என்று வைத்துக்கொண்டால் மாதம் 85 வெள்ளி. அதே 190 யூனிட்டை வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் 1 வெள்ளி 40 காசு கணக்கில் போட்டால் 266 வெள்ளி. இப்போது பெட்ரோலைப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார், லிட்டர் 1 வெள்ளி 99 காசு மானிய விலையில் ரோன் 95 பெட்ரோல் போட்டால், அதே தூரத்துக்கு 167 வெள்ளிதான் ஆகும். ஆக, வீட்டில் சார்ஜ் போட வழி இல்லாமல் வேகச் சார்ஜரை மட்டும் நம்பி மின்சாரக் கார் வாங்குகிறவர் பெட்ரோலுக்குக் கொடுத்ததைவிட அதிகம் கொடுப்பார். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள்: நான் செந்தூலில் அபார்ட்மெண்டில் இருக்கிறேன். மேனேஜ்மெண்ட் அனுமதி கிடைக்க எனக்கு 11 வாரம் ஆனது. முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, காரணம் வயரிங் வரைபடம் இணைக்கவில்லை. கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும். அதனால் ஒரு தாள் குறைந்தால் ஒரு மாதம் போய்விடும். முதல் தடவையே இவற்றைக் கொடுங்கள்: விண்ணப்பக் கடிதம், அடையாள அட்டை நகல், வீட்டு உரிமைப் பத்திர நகல், உங்கள் பார்க்கிங் எண், பதிவு பெற்ற மின் குத்தகையாளர் கையெழுத்திட்ட ஒற்றைக்கோடு வரைபடம் (வயரிங் எப்படிப் போகிறது என்று காட்டுவது), சார்ஜரின் விவரத்தாள், மின்சாரத்துக்குத் தனி மீட்டர் எங்கே வரும் என்ற குறிப்பு. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தையும் சேர்க்க வேண்டும். தீ விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கமிட்டியில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். கோபப்படாதீர்கள், அது நியாயமான கேள்விதான். அந்தச் சுற்றுக்குத் தனி பிரேக்கர், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிடி, அவசரத்தில் அணைக்கும் சுவிட்ச் மூன்றும் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று காட்டுங்கள். என் விண்ணப்பம் இரண்டாம் தடவை பேச்சில்லாமல் பாஸானதற்கு அதுதான் காரணம்.

தரைவீட்டில் இருப்பவர்களுக்கு இது சுலபம். அதைப் பற்றி எட்டாம் படியில் எழுதியிருக்கிறேன்.

2. எந்த வகைப் பேட்டரி என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்ச் சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. பிஒய்டி கார்களிலும் புரோட்டோன் இ.மாஸ் 7-லும் இருப்பது இதுதான். மற்றது நிக்கல் சேர்ந்த என்எம்சி. ஹியூண்டாய் அயோனிக் 5, நிஸான் லீஃப் போன்றவற்றில் இருப்பது அது. ஒரே மாடலில் இரண்டு வகையும் வந்திருக்கலாம். அதனால் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் செண்டரில் கேளுங்கள்.

எல்எஃப்பி எடை கூடியது, ஆயுள் நீண்டது. அதன் செல்கள் 2,000 தடவைக்கு மேல் முழுதாக ஏறி இறங்கினாலும் தாங்கும். ஒரு முழுச் சார்ஜில் 350 கிலோமீட்டர் போகும் கார் 160,000 கிலோமீட்டர் ஓட 460 முழுச் சுற்றுகூடத் தேவைப்படாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், “ரொம்ப ஓடின வண்டி, பேட்டரி போயிருக்கும்” என்ற பயம் எனக்கு விட்டது.

நம் ஊரில் பேட்டரியை அதிகம் மூப்படையச் செய்வது வெயிலும் காலமும்தான். நூறு விழுக்காடு ஏற்றி, திறந்த வெளியில் வெயிலில் மாதக்கணக்கில் நின்ற கார் ஓடாமலே தேயும், அதிலும் என்எம்சி சீக்கிரம் தேயும். அதனால் மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் இருந்தால் நல்ல கார் என்று எண்ணிவிடாதீர்கள். தினம் ஓடி, நிழலில் நின்று, பாதிச் சார்ஜில் இருந்த 70,000 கிலோமீட்டர் காரை, கடை முற்றத்தில் எட்டு மாதம் வெந்த 15,000 கிலோமீட்டர் காரைவிட நான் நம்புவேன். இந்தக் கார் இங்கே எத்தனை மாதமாக நிற்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று, பேட்டரியைக் குளிர்விக்கும் முறை. திரவக் குளிர்ச்சி உள்ள கார்களைத் தேர்ந்தெடுங்கள். பழைய நிஸான் லீஃப்பில் அது இல்லை. அதோடு அதன் வேகச் சார்ஜ் பிளக் சாடெமோ வகை, இங்கே புதிதாக வைக்கும் சார்ஜர்களில் பெரும்பாலானவை சிசிஎஸ்-2. விலை மலிவாகத் தெரியும்போது இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

3. பேட்டரியின் நலத்தை மூன்று வழியில் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பார்க்க வேண்டிய எண் எஸ்ஓஎச். புதிதாக இருந்தபோது பேட்டரி கொண்ட மின்சாரத்தில் இப்போது எத்தனை விழுக்காடு கொள்கிறது என்பதைச் சொல்வது அது. திரையில் 100 என்று காட்டுவது இதைக் குறிக்காது. அது இன்றைய கொள்ளளவு நிரம்பிவிட்டது என்பதற்கான எண். பாத்திரம் சிறுத்துப் போனாலும் விளிம்பு வரை ஊற்றினால் நிறைந்ததாகத்தானே தெரியும்?

திரையில் காட்டும் தூரத்தையும் நம்பாதீர்கள். சில கார்கள் விளம்பரத்துக் கணக்கை வைத்தே காட்டும், சில கடைசியாக ஓட்டியவரின் கால் எப்படி இருந்ததோ அதை வைத்துக் காட்டும். “480 போகும்” என்று விற்பவர் சொன்னால் எந்த அளவுமுறையில் என்று கேளுங்கள். பிஒய்டி ஆட்டோ 3-இன் பெரிய பேட்டரிக்கு என்இடிசி முறையில் 480, டபிள்யூஎல்டிபி முறையில் 420. ஏர்கோன் போட்டு நெடுஞ்சாலையில் 110-இல் போனால் அந்த 420-உம் வராது.

முதல் வழி, அதிகாரபூர்வ சர்வீஸ் செண்டர். காரைக் கொண்டுபோய் எஸ்ஓஎச் அறிக்கை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். நான் கட்டிய கட்டணம் 200 வெள்ளிக்குள். உரிமையாளர் கூட வர வேண்டும், அல்லது அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை.

இரண்டாவது வழி, காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி. ஸ்டீரிங்குக்குக் கீழே செருகி, கைப்பேசியோடு இணைத்துப் பார்ப்பது. என்னோடு பத்துமலையிலிருந்து ஒரு போர்மேன் வந்தார். மின்சாரக் கார் பழுது படித்தவர். நான் முதலில் டிப்போசிட் கட்டிய ஜப்பான் ரீகோன் காரின் (அங்கே ஓடி, இங்கே இறக்குமதியான பழைய கார்) கதவோரம் குந்தி உட்கார்ந்து, தீப்பெட்டி அளவுக் கருவியைச் செருகிவிட்டு, சட்டை நுனியால் கைப்பேசித் திரையைத் துடைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

“அண்ணே, எஸ்ஓஎச் 78 காட்டுது. தொண்ணூத்தஞ்சுன்னு சொன்னாங்கல்ல? இங்க பாருங்க, ஒரு செல்லு மட்டும் தனியாத் தொங்குது.”

நீலக் கம்பங்கள் வரிசையாக ஒரே உயரத்தில் நிற்க, நடுவில் ஒன்று மட்டும் குட்டையாக இருந்தது. செல்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு 20, 30 மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை, 100-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்றார். அதில் 140. நான் டிப்போசிட் கட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. போர்மேனுக்கு நான் கொடுத்தது 150 வெள்ளி. ஒன்பது நாள் முன்னால் கூப்பிட்டிருந்தால் ஆயிரம் வெள்ளி தப்பியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில பழைய கார்களில் கணினியின் நினைவை அழித்துவிட்டால் கொஞ்ச நாளைக்குப் பேட்டரி புதிது போலக் காட்டும். அதனால்தான் மூன்றாவது வழியும் வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது வழி, நீங்களே அளப்பது. காரை 20 விழுக்காட்டுக்கு இறக்கி, வேகச் சார்ஜரில் 80 வரை ஏற்றுங்கள். சார்ஜர் எத்தனை யூனிட் கொடுத்தது என்று அதன் செயலியில் வரும். அந்த எண்ணை 0.6-ஆல் வகுத்து, வழியில் வீணாவதற்கு 5 விழுக்காடு கழியுங்கள். நான் வாங்கிய ஆட்டோ 3-க்குப் புதிதில் 60.48 யூனிட் கொள்ளளவு. சார்ஜர் கொடுத்தது 36. வகுத்தால் 60, கழித்தால் 57. ஆக 94 விழுக்காடு. சர்வீஸ் செண்டர் அறிக்கையில் 95 என்று இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியதால் மனம் நிம்மதியானது. மொத்தச் செலவு 50 வெள்ளி, சுமார் 50 நிமிடம்.

எல்எஃப்பி காராக இருந்தால் இந்த அளவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஒருமுறை 100 வரை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அந்த வகையில் மின்னழுத்தம் நீண்ட நேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், முழுதாக ஏற்றாமலே ஓட்டிய காரில் விழுக்காட்டுக் கணக்கு தப்பிப் போயிருக்கும். நல்ல பேட்டரியும் கெட்டதாகத் தெரியும், கெட்டதும் நல்லதாகத் தெரியும்.

எந்த எண் வந்தால் வாங்கலாம்? ஜியோடேப் என்ற கனடா நிறுவனம் ஆயிரக்கணக்கான மின்சார வாகனங்களின் தரவை வைத்து 2024-இல் சொன்னது, சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 1.8 விழுக்காடு. முதல் ஓரிரு ஆண்டில் கொஞ்சம் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகும். என் அளவுகோல் இது: மூன்று வயதுக் காருக்கு 92-க்கு மேல் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 88-இலிருந்து 92 வரை என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். அதற்குக் கீழே நான் வாங்க மாட்டேன்.

4. உத்தரவாதம் உங்கள் பெயருக்கு வருமா?

பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன, இரண்டில் எது முந்துகிறதோ அது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. முதல் பதிவு நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. 2023 மார்ச்சில் பதிவான காருக்கு 2031 மார்ச் வரைதான். தேய்மானத்தைப் பொறுத்தவரை, எஸ்ஓஎச் பொதுவாக 70-க்குக் கீழே போனால்தான் அது செல்லும். 72-இல் நிற்கும் பேட்டரிக்கு யாரும் ஒன்றும் தர மாட்டார்கள்.

நான் விழுந்த குழி இந்தப் படியில்தான். அந்த முதல் கார் வெளிநாட்டில் ஓடி, ரீகோனாக இங்கே வந்தது. “இன்னும் ஐந்து வருஷம் வாரண்டி இருக்கு” என்று கடையில் சொன்னது உண்மைதான், ஆனால் அது அந்த நாட்டில் செல்லும். இங்குள்ள விநியோகிப்பாளர் தான் விற்காத காருக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டிருக்க வேண்டியது நான்.

ஆகவே சேசிஸ் எண்ணைச் சர்வீஸ் செண்டருக்கு அனுப்பி, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கார் இந்த நாட்டில் புதிதாக விற்கப்பட்டதா? உத்தரவாதம் எந்தத் தேதி வரை? சர்வீஸ் ஏதும் தவறியிருக்கிறதா, அதனால் உத்தரவாதம் பாதிக்கப்பட்டதா? வாடகைக்கோ இ-ஹெய்லிங்குக்கோ ஓடிய கார் என்று பதிவு இருக்கிறதா? நான்காவதை விட்டுவிடாதீர்கள். வணிகத்துக்கு ஓடிய காருக்குச் சில கம்பெனிகள் உத்தரவாதத்தைக் குறைத்துவிடும். பதில் மின்னஞ்சலில் வரட்டும், வாட்ஸ்அப் குரல் செய்தி போதாது. எனக்கு மூன்று வேலை நாளில் பதில் வந்தது.

காரின் செயலிக் கணக்கையும் இதே நேரத்தில் பேசிவிடுங்கள். பழைய உரிமையாளர் தம் கைப்பேசியிலிருந்து காரை விடுவிக்காவிட்டால் உங்களால் இணைக்க முடியாது. அதைவிட மோசம், கார் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

பேட்டரியை வாடகைக்குத் தரும் முறையும் இங்கே வந்துவிட்டது. 2025 டிசம்பரில் அறிமுகமான பெரோடுவா கியூவி-இ அப்படித்தான் வந்தது. காருக்கு 80,000 வெள்ளி, பேட்டரிக்கு ஒன்பது ஆண்டு, மாதம் 275 வெள்ளி. இப்படிப்பட்ட கார் பழையதாக உங்களிடம் வரும்போது விலை மலிவாகத் தெரியும். மாதக் கட்டணம் யார் பெயரில் ஓடுகிறது, எத்தனை மாதம் பாக்கி, உங்கள் பெயருக்கு எப்படி மாறும் என்று ஒப்பந்தத்தைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

5. அடிவயிறு, வெள்ளம், சின்ன பேட்டரி

காரைத் தூக்கி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரிப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. ஆழமான சப்பையோ, கீறி உள்ளே போன தடமோ இருந்தால் வேண்டாம்.

2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கி நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகும் வெள்ளம் வராத ஆண்டில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டில் துரு, பிளக்குகளில் பச்சை பூத்தது, பூட்டில் ஸ்பேர் டயர்ப் பள்ளத்தில் மண் இவற்றையும் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற மின்சாரக் காரை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

மின்சாரக் காரிலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று உண்டு. அது செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கண்ணைத் திறக்காது. மூன்று வயதுக் காரானால் அதை மாற்றித் தரச் சொல்லி விலையில் சேர்த்துவிடுங்கள்.

6. டிப்போசிட், லோன், பெயர் மாற்றம்

மேலே சொன்ன சோதனை முடியாமல் டிப்போசிட் கேட்டால், ரசீதிலேயே மலாயில் அல்லது ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: பேட்டரி எஸ்ஓஎச் 90-க்குக் கீழே இருந்தாலோ, உள்ளூர் உத்தரவாதம் இல்லை என்றாலோ, லோன் கிடைக்காவிட்டாலோ முழுப் பணமும் ஏழு நாளில் திருப்பித் தரப்படும். கடை முத்திரை, கையெழுத்து இரண்டும் இருக்கட்டும். என் ரசீதில் அந்த வரி இல்லை.

எழுத்தில் இருந்தும் கடைக்காரர் தர மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தனியாள் ஒருவரிடம் நேரடியாக வாங்கினால் இந்த வழி கிடையாது. ஆகவே தனியாளிடம் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும்.

லோனுக்கு: அடையாள அட்டை, லைசென்ஸ், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் அறிக்கை, ஈபிஎஃப் அறிக்கை. எனக்கு ஐந்து வேலை நாள் ஆனது. புதிய மாடல்களின் விலை இறங்கி வந்திருப்பதால், பேங்க் போடும் மதிப்பு கடையின் விலையைவிடக் குறைவாக வரலாம். அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் ரொக்கமாகக் கட்ட வேண்டும். கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்திருங்கள்.

வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்கு பி-5 சோதனை, லோன் போட்டால் பி-7 சோதனை. என் காருக்கு வங்சா மாஜுவில் செய்தார்கள். “புஸ்பாகோம் பாஸ்” என்று பெருமையாகச் சொல்வார்கள். பி-5 என்பது காரின் அடையாளம் சரியா என்று பார்ப்பது, பேட்டரியின் ஆயுளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பிறகு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பெயர் மாற்றம், கட்டணம் 100 வெள்ளி. கடையில் “ப்ராசசிங் ஃபீ” என்று ஆயிரத்துக்கு மேல் போட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் அப்படிக் கேட்டதும் 600 வெள்ளி குறைந்தது.

7. இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும்

உங்கள் பழைய பெட்ரோல் காரின் என்சிடி (கிளெய்ம் செய்யாததற்கு இன்சூரன்ஸில் தரும் கழிவு) உங்களுடையது, புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். 55 விழுக்காடு இருப்பவர் அதை மறந்தால் பெரிய நஷ்டம். வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைக் கட்டாயம் எடுங்கள். வீட்டுச் சார்ஜருக்கும் கேபிளுக்கும் பாதுகாப்பு உண்டா என்றும் கேளுங்கள்.

மின்சாரக் காருக்கு ரோட் டேக்ஸ் இல்லை என்ற காலம் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இப்போது மோட்டாரின் கிலோவாட் அளவை வைத்துக் கணக்கு. 150 கிலோவாட் மோட்டாருக்கு ஆண்டுக்கு 160 வெள்ளி.

8. வீட்டில் சார்ஜர்

ரவாங்கில் தரைவீட்டில் இருக்கும் என் தம்பிக்கும் பிறகு நானே இதைச் செய்து கொடுத்தேன்.

முதலில், சார்ஜர் கட்டாயம்தானா என்று பாருங்கள். தினம் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நாளுக்கு 8 யூனிட் போதும். காரோடு வரும் மூன்று முனை பிளக் கேபிள் மணிக்குச் சுமார் 2 யூனிட் தரும், இரவில் நாலைந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் பழைய சாக்கெட்டில் குத்தாதீர்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் குத்தவே குத்தாதீர்கள். மணிக்கணக்கில் முழுச் சுமை ஓடும்போது சாக்கெட் உருகும். தம்பி வீட்டில் ஒரு வாரத்தில் பிளக்கின் ஒரு முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் வாடை வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் செய்தான்.

சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜருக்கு ஒற்றை ஃபேஸ் போதும். அது 32 ஆம்பியர் இழுக்கும். வீட்டின் மெயின் சுவிட்ச் 40 ஆம்பியரா, 63 ஆம்பியரா என்று பாருங்கள். 40 என்றால் வாட்டர் ஹீட்டரும் ஏர்கோனும் ஓடும்போது ட்ரிப் ஆகும். சார்ஜரை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கலாம், அல்லது வீட்டுச் சுமையைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் வகையை வாங்கலாம். மூன்று ஃபேஸுக்கு மாற்றச் சொல்லி விற்பனையாளர்கள் வற்புறுத்துவார்கள். அதற்கு மின்சார நிறுவனமான டிஎன்பியிடம் விண்ணப்பமும் புதிய வயரிங்கும் சேர்ந்து பல ஆயிரம் வெள்ளி ஆகும். ஒரே காருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரையே கூப்பிடுங்கள். தம்பி வீட்டுக்கு வந்த வயர்மேன் மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் வரை டேப் பிடித்து அளந்தார். “14 மீட்டர் வருது தம்பி, 6 சதுர மில்லிமீட்டர் கேபிள்தான் போடணும், மெலிசு போட்டா சூடாகும்” என்றார். தூரம் கூடக் கூட விலை ஏறும் என்பதால் மேற்கோள் விலையில் கேபிளின் தடிமன், நீளம், ஆர்சிடி வகை மூன்றும் எழுதியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோதனைச் சான்றிதழ் வாங்குங்கள். சார்ஜரும் வேலையும் சேர்த்துத் தம்பிக்கு 4,300 வெள்ளி, ஒரு நாள் வேலை. எனக்கு அடுக்குமாடியில் கேபிள் நீளத்தாலும் தனி மீட்டராலும் 6,100.

இந்தச் செலவுக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை 2,500 வெள்ளி வருமான வரிச் சலுகை உண்டு. கையில் 2,500 வரும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது வரி கணக்கிடும் வருமானத்திலிருந்துதான் கழியும். 11 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 275 வெள்ளி, 19 விழுக்காட்டில் இருப்பவருக்கு 475. ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏழு ஆண்டு பத்திரமாக வையுங்கள்.

டிஎன்பியின் நேரக் கட்டணத் திட்டத்தில் சேர்ந்தால், வேலை நாளில் இரவு 10 முதல் மறுநாள் பிற்பகல் 2 வரையிலும், சனி ஞாயிறு முழுதும் மலிவு. பகலில் வீட்டில் ஏர்கோன் ஓடும் குடும்பங்கள் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடும்.

9. முதல் சில மாதங்கள்

என்எம்சி பேட்டரி என்றால் தினமும் 80 வரை போதும். தூரப் பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100. எல்எஃப்பி என்றால் கம்பெனி கையேட்டைப் பாருங்கள், வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லியிருப்பார்கள். எந்த வகையானாலும் 100 வரை ஏற்றி வெயிலில் விட்டுவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போகாதீர்கள். 50-இல் விட்டுப் போங்கள். வேகச் சார்ஜர் நெடுஞ்சாலைக்கு மட்டும் இருக்கட்டும்.

வாங்கிய நாளில் எடுத்த எஸ்ஓஎச் அறிக்கை, உத்தரவாத மின்னஞ்சல், சர்வீஸ் ரசீதுகள், சார்ஜர் சான்றிதழ் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த 20-80 அளவை எடுத்துத் தேதியோடு எழுதி வாருங்கள். பேட்டரி உத்தரவாதம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது சர்வீஸ் செண்டரில் ஒரு எஸ்ஓஎச் அறிக்கை கட்டாயம் எடுத்துவிடுங்கள். என் கைப்பேசி நாட்காட்டியில் அந்தத் தேதியை இப்போதே போட்டு வைத்திருக்கிறேன்: 2030 செப்டம்பர்.